மலிவான குழலும் வரலாற்றின் தீர்ப்பும்

மலிவாகக் கிடைப்பது நல்லதாக இராது என்பது மக்களிடையே வேரூன்றிய எண்ணம். விலை மிகுந்ததெல்லாம் உயர்ந்தது என்பது அதன் மறுபுறம். இவ்விரண்டும் எந்த அளவுக்கு உண்மை என்று அறிய வேண்டுமாயின், பிழை நேர்ந்தால் கையோ உயிரோ போகக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். துப்பாக்கிக் குழல் அத்தகைய பொருள். அது நல்லதா அன்றா என்பதைப் பேச்சினால் மறைத்துவிட முடியாது. வெடித்தால் வெடித்ததுதான், குறி தவறினால் தவறியதுதான்.

தனித்தனி உறுப்புகளை வாங்கிக் குறைந்த செலவில் துப்பாக்கி அமைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தரும் நாடுகளில், ‘மலிவான குழல் போதுமா?’ என்னும் கேள்வி இன்றும் எழுந்தவண்ணம் இருக்கிறது. கேள்வி புதியதன்று. பிரிட்டனில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வணிகரும், தளபதிகளும், அமைச்சர்களும் இதையே கேட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மலிவு என்னும் ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று மாறான பொருள்கள் அடங்கிக் கிடப்பது விளங்கும்.

குழல் செய்யும் தொழில்

துப்பாக்கிக் குழல் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். வெடிமருந்து எரியும்போது எழும் பேரழுத்தத்தைப் பிளவுபடாமல் தாங்க வேண்டும். இது முதல் வேலை. குண்டினைக் கருதிய திசையில் செலுத்த வேண்டும். இது இரண்டாவது வேலை.

பழைய மஸ்கெட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு அதற்குள் சற்றுத் தளர்வாகவே இருக்கும். ஆகவே நூறு கஜத்திற்கு அப்பால் தனி ஒருவனைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் வீண். ரைபிளின் குழலிலோ, உட்சுவரில் திருகுபோல வளைந்து செல்லும் பள்ள வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலச் சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேரே செல்லும்.

இவ்விரண்டு வேலைகளையும் பிரித்து நினைவில் கொள்வது இன்றியமையாதது. தாங்கும் வலிமையில் செய்யும் சிக்கனம் வேறு. குறியின் நுட்பத்தில் செய்யும் சிக்கனம் வேறு. முன்னது சுடுகிறவனைக் கொல்லும். பின்னது குறியைத் தவற விடும்; அவ்வளவே.

பர்மிங்காமின் ஏற்றுமதித் துப்பாக்கி

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் இரும்புத் தொழிலின் நடுவிடமாக விளங்கியது. அங்கே குழல் செய்யும் முறை இது: தட்டையான இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின்மீது சுற்றி வளைத்து, ஓரங்கள் இரண்டையும் சம்மட்டியால் அடித்து ஒன்றாகப் பற்றவைப்பார்கள். பின்னர் உள்ளே துளை கடைந்து, வெளியே பெரிய சாணைக்கல்லில் தேய்த்து முடிப்பார்கள். குழலின் உயிர் அந்தப் பற்றவைத்த தையலில் இருந்தது. இரும்பு தாழ்ந்ததாக இருந்தாலும், சூடு போதாமல் அடித்திருந்தாலும், தையல் உள்ளூற ஒட்டாமல் நின்றுவிடும். வெளியே அரம் போட்டு நிறமேற்றிவிட்டால் அக்குறை கண்ணுக்குத் தெரியாது.

ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு அடிமை வாணிகத்தின் பொருட்டு இந்நகரத் துப்பாக்கிகள் ஏராளமாகச் சென்றன. 1760களில் அங்கு வந்து பார்த்த ஷெல்பர்ன் பிரபு, ஆண்டுதோறும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்படுவதாகவும், சில ஐந்து ஷில்லிங் ஆறு பென்ஸுக்கே விற்பதாகவும், அவற்றுள் பாதிக்கு மேல் முதன்முதலில் சுடுகிறவன் கையிலேயே வெடித்துவிடும் என்றும் குறித்து வைத்தார். பாதிக்கு மேல் என்ற கணக்கு மிகையென்று பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். அவ்வளவு கேடான சரக்கை மீண்டும் மீண்டும் வாங்க ஆப்பிரிக்க வணிகர் அறிவற்றவர் அல்லர் என்பது அவர்கள் கூறும் காரணம். அது நியாயமான வாதமே. ஆயினும் சோதிக்கப்படாத குழல்கள் அங்குச் சென்றன என்பதிலும், அவற்றுள் வெடித்தவை பல என்பதிலும் ஐயமில்லை.

இங்கே ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. அதே பர்மிங்காம் நகரம் சில ஆண்டுகளுக்குப் பின் நெப்போலியனை எதிர்த்த போரில் பிரிட்டிஷ் படைக்கும் குழல்களைச் செய்து தந்தது. 1804 முதல் 1815 வரை அரசாங்கத்துக்காக அங்குச் செய்யப்பட்ட குழல்கள் ஏறத்தாழ 30 லட்சம்; முழுத் துப்பாக்கிகள் 17 லட்சத்துக்கு மேல். அதே நகரம், அதே பட்டறைகள், அதே சம்மட்டிகள். வேறுபாடு யாதெனில், படைக்கு வாங்கிய குழல் ஒவ்வொன்றையும் அரசாங்க அலுவலர் அளவுக்கு மீறிய மருந்திட்டு வெடித்துப் பார்த்தனர். தாங்கியது முத்திரை பெற்றது, தாங்காதது தள்ளுபடியாயிற்று. வாங்குகிறவன் வலியவனாக இருந்தபோது சோதனை இருந்தது. அவன் கடலுக்கு அப்பால் இருந்தபோது சோதனை இல்லை.

இலண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637லேயே அரச சாசனம் பெற்றுக் குழல்களைச் சோதித்து முத்திரையிட்டு வந்தது. பர்மிங்காமில் இதற்கெனச் சட்டப்படி ஒரு சோதனைச் சாலை அமைந்தது 1813ஆம் ஆண்டில்தான். பாராளுமன்றச் சட்டத்தின் வழியே, அந்நகரத் தொழில்துறையினரின் பணத்தைக் கொண்டே, அது நிறுவப்பட்டது. சோதிக்கப்படாத குழலை விற்பது அதன் பின்னர்க் குற்றமாயிற்று. அந்தச் சோதனைச் சாலை இன்றும் இயங்கி வருகிறது.

கம்பெனித் துப்பாக்கி

இனி வேறுவகை மலிவுக்கு வருவோம். இது நம் முன்னோரின் நாட்டோடும் தொடர்புடையது.

பிரிட்டிஷ் காலாட்படையின் பழைய மஸ்கெட் துப்பாக்கியைப் ‘பிரௌன் பெஸ்’ என்று வழங்குவர். தொடக்கத்தில் அதன் குழல் 46 அங்குல நீளம். பின்னர் 42 அங்குலமாகக் குறைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோ வணிகர் கூட்டம்; ஒவ்வொரு காசையும் கணக்கிட்டுச் செலவிடுவது. தன் சிப்பாய்களுக்கு அது வாங்கிய துப்பாக்கியின் குழல் 39 அங்குலம். பித்தளைப் பூண்கள் குறைவு, வேலைப்பாடு எளிது, விலையும் தாழ்வு. சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் தோளில் சுமந்தது இவ்வகையே. ஆனால் கம்பெனி தான் வாங்கிய குழல்களைச் சோதனையிடாமல் ஏற்கவில்லை.

1793இல் பிரெஞ்சுக்காரருடன் போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் துப்பாக்கிகள் போதவில்லை. உடனே கம்பெனியின் கிடங்குகளில் இருந்தவற்றை வாங்கிக்கொண்டது. 1797இல், இனிமேல் அந்த ‘இந்திய மாதிரி’ மஸ்கெட்டையே செய்ய வேண்டும் என்று துப்பாக்கித் தொழிலாளருக்கு ஆணையும் பிறந்தது. வணிகக் கம்பெனி சிக்கனத்துக்காகத் தேர்ந்த குழல், பேரரசின் படைக்கே உரிய குழலாயிற்று. வாட்டர்லூ போர்க்களத்தில் பிரிட்டிஷ் காலாட்படை பெரும்பாலும் ஏந்தி நின்றதும் அதுவே.

ஏழு அங்குலம் குறைந்ததால் இழப்பு என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. தளர்வான குண்டைச் செலுத்தும் வழவழப்பான குழலுக்கு நீளம் கூடினாலும் குறி கூடுவதில்லை. வரிசையாக நின்று, கட்டளைக்கு ஒரே நேரத்தில், எதிரே உள்ள கூட்டத்தை நோக்கிச் சுடும் போர்முறைக்கு 39 அங்குலம் போதும். அதே காலத்தில் தனிக் குறி பார்த்துச் சுடும் படைப்பிரிவுக்கு, எசக்கியேல் பேக்கர் செய்த ரைபிளை அரசாங்கம் 1800இல் தேர்ந்தது. அதன் குழல் 30 அங்குலமே. ஆனால் உள்ளே ஏழு திருகுவரிகள். விலையும் உழைப்பும் மிகுதியாதலால் அது சிலருக்கு மட்டுமே வழங்கப்பட்டது. தேவையறிந்து பங்கிட்ட இந்தச் சிக்கனத்தைக் குறை சொல்ல இடமில்லை.

விட்வொர்த்தும் என்பீல்டும்

மலிவுக்கும் உயர்வுக்கும் நேருக்கு நேர் போட்டி நடந்தது 1857ஆம் ஆண்டில். அப்போது படையில் இருந்தது 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள். 39 அங்குலக் குழல், மூன்று வரிகள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மெதுவான திருகு. இந்தியச் சிப்பாய்கள் 1857இல் கிளர்ந்தெழுவதற்குத் தூண்டுகோலாயிருந்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்தத் துப்பாக்கிக்குரியவையே.

மான்செஸ்டர் நகரத்துப் பொறியியல் மேதை ஜோசப் விட்வொர்த், அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க ஆராய்ச்சியில் இறங்கினார். தம் இல்லத்தருகே 500 கஜ நீளமுள்ள ஒரு கூடம் எழுப்பி, காற்றுத் தொல்லையின்றிச் சுட்டுப் பார்த்தார். அவர் கண்ட முடிவு, குழலின் துளை சிறிதாகவும் திருகு விரைவாகவும் இருக்க வேண்டும் என்பது. அறுகோண வடிவத் துளையும் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் கொண்ட குழலை மிக நுட்பமாகச் செய்தார்.

ஹைத் என்னும் இடத்தில் இரண்டையும் சுட்டுப் பார்த்தனர். 500 கஜத்தில் குண்டுகள் நடுப்புள்ளியினின்று விலகிய சராசரித் தூரம் என்பீல்டுக்கு 2.24 அடி; விட்வொர்த்துக்கு 0.37 அடி. 800 கஜத்தில் முன்னது 4 அடிக்கு மேல், பின்னது 1 அடி. ஐயத்துக்கே இடமில்லாத வெற்றி. 1860இல் விம்பிள்டன் திடலில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கி வைத்தபோது, 400 கஜத்தில் அவர் சுட்ட துப்பாக்கியும் விட்வொர்த்தினுடையதே. குண்டு நடுப்புள்ளியை ஒட்டிப் பாய்ந்தது.

ஆயினும் அரசாங்கம் அதைப் படைக்கு ஏற்கவில்லை. விலை பன்மடங்கு மிகுதி. கரிமருந்தின் புகைக்கசடு சிறு துளையில் விரைவில் அடைத்துக்கொள்ளும். போர்க்களத்தின் சேற்றிலும் அவசரத்திலும் அதைப் பேணுவது எளிதன்று. இம்முடிவைக் குறுகிய நோக்கம் என்று இகழ்ந்தோர் அன்றும் இருந்தனர். ஆனால் நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் நின்று சுடும் படைக்கு, ஒருவர் கையில் மிக நல்ல துப்பாக்கி இருப்பதைவிட எல்லார் கையிலும் போதுமான துப்பாக்கி இருப்பதே பயன். விட்வொர்த்தின் உழைப்பும் வீணாகவில்லை. சிறு துளை, விரைந்த திருகு என்னும் அவர் கொள்கைகள் 1871இல் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிளில் இடம்பெற்றன. ஒரு தலைமுறையில் மிகச் சிலரே வாங்கக்கூடியதாயிருந்த நுட்பம், இயந்திரங்கள் வளர்ந்த அடுத்த தலைமுறையில் சாதாரணச் சிப்பாய்க்கும் கிட்டியது.

ஐந்து வரி இரண்டு வரியானது

மலிவின் மிகச் சிறந்த பாடம் இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது.

1895 முதல் பிரிட்டிஷ் படையின் லீ-என்பீல்டு ரைபிளின் குழலில் ஐந்து வரிகள். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதற்கு முன் 1888இன் லீ-மெட்போர்டு ரைபிளில் ஆழமில்லாத ஏழு வரிகள் இருந்தன. கரிமருந்துக்கு அவை மிகச் சிறந்தவை. புகையில்லாத கார்டைட் மருந்து வந்ததும் அதன் கடுஞ்சூட்டில் அவை விரைவில் தேய்ந்துபோயின. ஆகவேதான் ஆழமான ஐந்து வரிகள் வந்தன. நல்ல குழல் என்பதும் காலத்தையும் மருந்தையும் பொறுத்ததே என்பது இதனால் விளங்கும்.

1940 ஜூனில் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை மீண்டபோது பெருந்தொகையான ஆயுதங்களைப் பிரான்சிலேயே விட்டு வர நேர்ந்தது. படையெடுப்பு நாளையோ மறுநாளோ என்ற நிலை. துப்பாக்கிகள் உடனே வேண்டும். பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் தொழிற்சாலைகளிலும் ‘நான்காம் எண்’ லீ-என்பீல்டு ரைபிளைச் செய்யத் தொடங்கினர்.

அக்காலத்தில் வரி வெட்டும் வேலை மிக மெதுவானது. நீண்ட கோலின் நுனியில் பதித்த சிறு உளியைக் குழலுக்குள் இழுத்தால், ஒவ்வோர் இழுப்புக்கும் மயிரிழையினும் மெல்லிய சீவல் வரும். ஒரு வரி முழு ஆழம் பெறப் பல முறை இழுக்க வேண்டும். இப்படி ஐந்து வரிகள். அதற்குரிய இயந்திரங்களும் கைதேர்ந்த தொழிலாளரும் அளவோடுதான் இருந்தனர்.

எனவே ஒரு துணிவான கேள்வி எழுந்தது. ஐந்து வரிகள் வேண்டுமா? இரண்டு போதாதா? முதலில் கேட்டவர்க்கு இது பித்தலாட்டமாகவே தோன்றியிருக்கும். செய்து, சுட்டுப் பார்த்தபோது, இரண்டு வரிக் குழலின் குறிக்கும் ஐந்து வரிக் குழலின் குறிக்கும் படைத் தேவையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்காவிலும் இதே முடிவே ஏற்பட்டது. 1942 முதல் ரெமிங்டன் தொழிற்சாலை செய்த ‘1903ஏ3’ ரைபிள்களில் நான்கு வரிகளுக்குப் பதில் இரண்டே வெட்டப்பட்டன. அவையும் நன்றாகவே சுட்டன.

இதன் காரணம் எளிது. குண்டு எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வரிகளின் எண்ணிக்கை அன்று, திருகின் அளவு. செம்புக் கலவை உறையிட்ட குண்டைப் பற்றிச் சுழற்ற இரண்டு வரிகளுக்கே வலிமை உண்டு. மற்ற மூன்றும் பழக்கத்தால் வந்தவை.

இங்கே எதைக் குறைத்தார்கள் என்பதைவிட எதைக் குறைக்கவில்லை என்பதே சிந்திக்கத்தக்கது. எஃகின் தரத்தைக் குறைக்கவில்லை. துளையின் அளவைத் தளர்த்தவில்லை. திருகை மாற்றவில்லை. சுவரின் கனத்தை மெலிக்கவில்லை. மிகைமருந்துச் சோதனையைக் கைவிடவில்லை. பயன் தராத உழைப்பை மட்டும் கண்டறிந்து நீக்கினார்கள். பர்மிங்காமின் ஏற்றுமதி வணிகன் செய்தது இதற்கு நேர்மாறு. அவன் இரும்பில் குறைத்தான், சூட்டில் குறைத்தான், சோதனையை அடியோடு விட்டான். வெளி மினுக்கை மட்டும் குறைக்கவில்லை.

மலாயாவுக்கு வந்த குறுந்துப்பாக்கி

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் ஏடு உண்டு. ஜப்பானியரோடு காட்டுப் போர் புரியும் வீரர்க்காக 1944இல் ‘ஐந்தாம் எண்’ ரைபிள் உருவாயிற்று. அதைக் ‘காட்டுக் கார்பைன்’ என்பர். நான்காம் எண் ரைபிளின் குழலைக் குறுக்கி, உலோகப் பகுதிகளை ஆங்காங்கே சீவி, எடையில் ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறைத்தனர். 1948இல் தொடங்கி 1960இல் முடிந்த மலாயா அவசரகாலத்தில் படையினர் பலர் இதைத் தூக்கிக்கொண்டு காடுகளிலும் ரப்பர்த் தோட்டங்களின் ஓரங்களிலும் நடந்தனர்.

சுமக்க இலகு, புதருக்குள் சிக்காது. ஆனால் உதைப்பு மிகுதி. அதனினும் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது, குறி நிலைகொள்ளாமை. இன்று சரிபார்த்து வைத்த குறி நாளை வேறிடம் சென்றுவிடும் என்று படையினர் முறையிட்டனர். அது வடிவத்திலேயே அமைந்த குறை என்று கூறி 1947இல் உற்பத்தியை நிறுத்தினர். புதிய தானியங்கி ரைபிளுக்கு வழிவிடவே அக்குறை பெரிதுபடுத்தப்பட்டது என்போரும் ஆராய்ச்சியாளருள் உளர். எவ்வாறாயினும், வரியைக் குறைத்தபோது எழாத முறையீடு, உலோகத்தைக் குறைத்தபோது எழுந்தது என்பது கருதத்தக்கது.

முடிவு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்தால், மலிவு மூவகைப்படும். குறையை மறைத்துப் பெறும் மலிவு ஒன்று. ஆப்பிரிக்கக் கடற்கரைக்குச் சென்ற சோதிக்கப்படாத குழல்கள் இதற்குச் சான்று. தேவையின் அளவறிந்து பெறும் மலிவு இரண்டாவது. இந்திய மாதிரி மஸ்கெட்டும் என்பீல்டும் இதற்குச் சான்று. வீண் உழைப்பைக் களைந்து பெறும் மலிவு மூன்றாவது. இரண்டு வரிக் குழல் இதற்குச் சான்று. முதலாவது எந்த விலைக்கும் கொள்ளத் தகாதது. மற்ற இரண்டும் அறிவுடைய சிக்கனம்.

இருபதாம் நூற்றாண்டில் வரி வெட்டும் முறையே மாறிவிட்டது. வரியின் வடிவமைந்த கடினக் குமிழ் ஒன்றைக் குழலுக்குள் அழுத்திச் செலுத்தி, ஒரே முறையில் எல்லா வரிகளையும் பதிக்கலாம். குழலை ஒரு அச்சுக்கோலின்மீது வைத்து இயந்திரச் சம்மட்டிகளால் சுற்றிலும் அடித்தும் வரிகளை உண்டாக்கலாம். இம்முறை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஜெர்மனியில் தோன்றியது. ஆகவே இன்று குறைந்த விலையில் கிடைக்கும் குழல் தாழ்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நுண்ணிய போட்டிகளில் சுடுவோர் இன்னும் ஒவ்வொரு வரியாக வெட்டிய குழலுக்குப் பெரும்பொருள் தருகின்றனர். அவர்களுக்கு மயிரிழை வேறுபாடும் வெற்றி தோல்வியாகும். மற்றையோர்க்கு அவ்வேறுபாடு கையெட்டாத் தூரத்தது. எஃகு தக்கதாகவும், அளவு சரியாகவும், சோதனை முத்திரை உண்மையாகவும் இருக்குமாயின், மலிவான குழல் கொள்ளத்தக்கதே. அம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், பொன்முலாம் பூசியிருப்பினும் அது கொள்ளத்தக்கதன்று.

பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் நாம் போர்களின் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்விக்கிறோம். அப்போரில் ஏந்திய கருவியை யார் செய்தார், என்ன விலைக்குச் செய்தார், எதை மிச்சப்படுத்தினார் என்று கேட்பது அரிது. அவ்வாறு கேட்கத் தொடங்கினால் மாணவர்க்கு வேறொன்றும் புலப்படும். ஒரு பொருளின் விலையைக் குறைக்கும்போது, குறைந்த அளவை யாரோ ஒருவர் எங்கோ தாங்குகிறார். இரண்டு வரிக் குழலில் அதைத் தாங்கியது தேவையற்ற பழக்கம். ஐந்து ஷில்லிங் துப்பாக்கியில் அதைத் தாங்கியது முன்பின் அறியாத ஓர் ஆப்பிரிக்கனின் வலக்கை. விலைச்சீட்டில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்துக் காட்டுவது சோதனை ஒன்றே.